நிலத்தடியில் இயற்கை எரிவாயுச் சேமிப்பும் அரசின் இசைவும்: கொங்குப் பகுதி நில உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

எரிவாயுக் குழாய், எண்ணெய்க் குழாய், உயர்மின் கோபுரம் என ஏதேனும் ஒரு திட்டத்துக்காக அளவைக் கற்களுடன் வந்தவர்களைக் கொங்குப் பகுதியின் பல கிராமங்கள் கண்டிருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து எழும் கேள்விகளில் சில, நிலத்துக்கு அடியில் வாயுவைச் சேமித்து வைப்பதைப் பற்றியும் அதற்கு அரசு யாரைக் கேட்டு இசைவு தருகிறது என்பதைப் பற்றியும் அமைகின்றன. அவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன. குறிப்பிட்ட ஒரு வழக்குக்கு இவை வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்றாகா.

எங்கள் காட்டுக்கு அடியில் செல்லும் குழாயும் நிலத்தடிச் சேமிப்பும் ஒன்றா?

இல்லை. குழாய் என்பது வாயுவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது. அது பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கும். நிலத்தடிச் சேமிப்பு என்பது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், பெரும்பாலும் அதற்கும் கீழே, பாறையின் நுண்துளைகளிலோ பெரிய குகை போன்ற வெற்றிடத்திலோ வாயுவை அழுத்தி வைத்து, தேவைப்படும்போது வெளியே எடுப்பது. முதலாவது ஒரு நீண்ட கோடு. இரண்டாவது, பல சதுர கிலோமீட்டர் வரை பரவக்கூடிய ஒரு பரப்பு. சட்டமும் இரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாவிட்டால், பின்வரும் விடைகளில் பாதி குழப்பத்தையே தரும்.

வாயுவை நிலத்தடியில் ஏன் சேமிக்கிறார்கள்? எந்த முறைகளில்?

குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க மிகுதியான வாயு செலவாகும் நாடுகளில், கோடையில் வாங்கியதை வைத்திருந்து குளிரில் எடுப்பதற்காக இவ்வழக்கம் தொடங்கியது. கனடாவின் ஒண்டாரியோவில் 1915-ஆம் ஆண்டு முதல் முயற்சி நடந்தது. இன்று மூன்று முறைகள் பரவலாக உள்ளன: எண்ணெயோ வாயுவோ எடுத்துத் தீர்ந்த பழைய வயல்களில் மீண்டும் வாயுவைச் செலுத்துவது, ஆழத்து நீர்த்தாங்கிப் பாறையில் நீரைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் வாயுவை நிரப்புவது, உப்புப் படுகையை நீரால் கரைத்துக் குகை அமைப்பது.

எந்த முறையானாலும் செலுத்திய வாயு முழுவதையும் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே அழுத்தத்தைக் காத்து நிற்க ஒரு பங்கு நிலையாகக் கிடக்க வேண்டும். நீர்த்தாங்கிகளில் அது பாதிக்கும் மேலாக இருக்கக்கூடும். இந்த முடங்கிய வாயுவின் விலையே திட்டச் செலவின் பெரும் பகுதியாகிவிடுவதுண்டு.

கொங்கு நாட்டுப் பாறையில் இது நடக்குமா?

மேற்சொன்ன மூன்று முறைகளில் எதுவும் இங்கே பொருந்தாது. கோவை முதல் சேலம் வரை நம் காலடியில் இருப்பது சார்னோக்கைட்டு, நைஸ் போன்ற மிகப் பழைய படிகப் பாறை. அதில் எண்ணெய் வயலும் இல்லை, உப்புப் படுகையும் இல்லை, மேலே களிமண் மூடியுடன் கூடிய ஆழ்ந்த மணற்பாறைத் தாங்கியும் இல்லை. (நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து நிலவின் மண்ணுக்கு ஈடாக விண்வெளி ஆய்வு மையத்தினர் பயன்படுத்தினார்கள் என்றால், நம் பாறை எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.) படிவுப் பாறை கிழக்கே அரியலூர், திருச்சிப் பக்கம்தான் தொடங்குகிறது; அதற்கும் கிழக்கேதான் காவிரிப் படுகையின் எண்ணெய், வாயு வயல்கள் உள்ளன. பழைய வயல்களைச் சேமிப்பிடமாக மாற்றும் எண்ணம் தமிழ்நாட்டில் என்றேனும் எழுமானால், அது டெல்டாவைச் சார்ந்த பேச்சாகவே இருக்கும்.

கடினப் பாறையில் வெட்டிய குகை என்னும் நான்காவது வழி ஒன்று உண்டு. செக் நாட்டின் ஹாயே என்னும் இடத்தில், கருங்கல் பாறைக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் சுரங்கங்கள் வெட்டி, 1998 முதல் இயற்கை எரிவாயுவைச் சேமித்து வருகிறார்கள். சுவீடனின் ஸ்காலன் என்னும் இடத்தில், சுமார் 115 மீட்டர் ஆழத்தில் குகை வெட்டி, உள்ளே எஃகுத் தகடு போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே கருங்கல்லில் இது முடியவே முடியாது என்று சொல்வதும் சரியன்று.

ஆனால், தகடு போர்த்தாத பாறைக் குகையில் வாயுவைப் பிடித்து வைப்பது பாறை மட்டுமன்று. அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர். பாறையின் விரிசல்களில் நிற்கும் நீரின் அழுத்தம், குகைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தத்தைவிட மிகுதியாக இருக்கும்வரைதான் வாயு வெளியே கசியாது. பத்து மீட்டர் நீர்நிலைக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிட்டால், நூறு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள இயற்கை எரிவாயுவைத் தாங்க ஆயிரம் மீட்டர் ஆழமும், அந்த ஆயிரம் மீட்டரும் நீர் நிறைந்த பாறையாக இருப்பதும் தேவைப்படும். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதி மட்டுமே பறந்த தோட்டங்கள் பல்லடம், அவினாசி, காங்கேயம் பக்கம் எத்தனை என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் ஒரு நாட்டில், நீரையே பூட்டாக நம்பும் ஒரு கிடங்கைக் கட்டுவது பொறியியல் முறையில் நல்ல தேர்வாகாது என்பதே எம் கருத்து.

இந்தியாவில் எங்கேனும் நிலத்தடிச் சேமிப்பு இருக்கிறதா?

கச்சா எண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் இருக்கிறது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக் குகைகளில் மொத்தம் 53.3 இலட்சம் டன் கச்சா எண்ணெயைச் சேமிக்கும் வசதி உள்ளது. விசாகப்பட்டினத்தில் 60,000 டன் சமையல் வாயுவுக்கான குகையும் உண்டு. நீரின் அழுத்தத்தை நம்பியே இவையும் இயங்குகின்றன. ஆனால் திரவமாக்கிய சமையல் வாயுவுக்கு வேண்டிய அழுத்தம் மிகக் குறைவு, அங்கே கடலும் பக்கத்தில் இருக்கிறது. இயற்கை எரிவாயுவை இவ்வாறு பேரளவில் நிலத்தடியில் வைத்து எடுக்கும் கிடங்கு நாட்டில் வணிக முறையில் இயங்கவில்லை. கொச்சி முதலிய துறைமுகங்களில் வாயுவைப் பூச்சியத்துக்குக் கீழ் 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாகத் தொட்டிகளில் வைக்கிறார்கள். அது தரைக்கு மேலே நடக்கும் சேமிப்பு.

அப்படியானால் நிலத்தடி வாயுச் சேமிப்புக்கு இசைவு தர எந்தச் சட்டம் இருக்கிறது?

அதற்கெனத் தனியாக எழுதப்பட்ட சட்டம் இந்தியாவில் இல்லை. வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட பல சட்டங்களின் கீழ்த் தனித்தனியே இசைவுகள் பெற வேண்டியிருக்கும். இந்த விடைகளில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டெனில் அது இதுவே.

எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றைத் தேடுவதும் எடுப்பதும் 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்துக்குள் வரும். இச்சட்டம் 2025-இல் விரிவாகத் திருத்தப்பட்டது. குழாய்த் தடங்களுக்கும் நகர எரிவாயு வழங்கலுக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அங்கீகாரம் தருகிறது. அழுத்தக் கலன்கள், சேமிப்பிடங்கள் முதலியவற்றின் பாதுகாப்பைப் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் பார்க்கிறது. நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின்படி மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவாணையும் இயக்குவதற்கு ஓர் இசைவாணையும் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாகச் சுற்றுச்சூழல் அனுமதி. ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும். ஆழத்தில் உள்ள பாறை வாயுவைத் தாங்குமா, மேலே உள்ள கிணறுகளின் கதி என்ன என்று முழுமையாகக் கேட்கும் பொறுப்பு, எந்த ஒரு துறையின் மேசையிலும் தெளிவாக வைக்கப்படவில்லை.

இதில் மத்திய அரசு முடிவெடுக்குமா, மாநில அரசா?

இயற்கை எரிவாயுவைப் பொறுத்தவரை சட்டமியற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. குஜராத் அரசு 2001-இல் இயற்றிய எரிவாயுச் சட்டம் பற்றிய வழக்கில், திரவமாக்கப்பட்டதும் உள்ளிட்ட இயற்கை எரிவாயு அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் 53-ஆம் பதிவுக்குள் அடங்கும் என்றும், மாநிலம் அதைப் பற்றிச் சட்டம் இயற்ற இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவாக்கியது. ஆனால் நிலம், நீர், பொதுச் சுகாதாரம், காவல் ஆகியவை மாநிலத்தின் கையில் உள்ளன. நிலப்பகுதியில் அகழ்வுக் குத்தகையை, மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசே வழங்கும் என்பதுதான் 1959-ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருந்த ஏற்பாடு.

மாநில அரசு எதிர்த்தால் மட்டும் திட்டம் நின்றுவிடாது என்பதைக் கொங்குப் பகுதி நேரில் கண்டது. மத்தியப் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயில், கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு செல்லும் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் தொலைவுக்கு விளைநிலங்கள் வழியே திட்டமிடப்பட்டது. விவசாயிகளின் போராட்டத்துக்குப் பிறகு, அதை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்ல வேண்டும் என்று 2013-இல் தமிழக அரசு நிலைப்பாடு எடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 25-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்நிலைப்பாட்டை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் கெயிலுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

என் நிலத்துக்கு அடியில் எவ்வளவு ஆழம் வரை எனக்கு உரிமை உண்டு?

கேரளத்து மலபார் நிலங்கள் தொடர்பான வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், முறையான சட்டத்தின் வழியாக உரிமை பறிக்கப்படாதவரை, அடிநிலத்தில் உள்ள கனிமத்தின் உரிமையும் நிலத்தின் உரிமையைத் தொடர்ந்தே வரும் என்று கூறியது. இது கனிமத்தைப் பற்றிய தீர்ப்பு. வெளியிலிருந்து கொண்டு வந்த வாயுவை நிரப்புவதற்கான வெறும் இடம், அதாவது பாறையின் துளையோ வெட்டிய குகையோ, யாருக்கு உரியது என்று நேரடியாக உரைக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. மேற்சொன்ன தீர்ப்பின் தர்க்கத்தை நீட்டினால் நில உரிமையாளரின் பக்கமே வாதம் வலுவாக நிற்கிறது. எனினும் அது வாதமே தவிர, முடிந்த முடிபு அன்று.

குழாய்ச் சட்டத்தைக் காட்டியே எங்கள் நிலத்துக்கு அடியில் கிடங்கு அமைத்துவிட முடியுமா?

குழாய்களுக்குப் பயன்படும் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம், நிலத்தின் உடைமையை எடுப்பதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறது. பெட்ரோலியத்தையும் கனிமங்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லக் குழாய் பதிப்பதே அச்சட்டத்தின் நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆழத்தில் வாயுவைத் தேக்கி வைப்பது அந்த வாசகத்துக்குள் அடங்காது என்பதே எம் வாசிப்பு. ஆகவே சேமிப்புக் கிடங்குக்கு எவரேனும் இச்சட்டத்தின் கீழ் அறிவிப்பு அனுப்பினால், ஆட்சேபணையின் முதல் வரியாக இதையே எழுதலாம்.

கிடங்கின் மேற்பரப்பு நிலையத்துக்கு நிலம் எடுத்தால் எங்கள் சம்மதம் வேண்டுமா?

வாயுவை அழுத்தும் நிலையம், கிணற்று வளாகம் ஆகியவற்றுக்கு நிலத்தை முழுமையாக எடுக்க வேண்டியிருக்கும். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி, தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன் சம்மதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டமானால் 70 விழுக்காட்டினரின் சம்மதமும் தேவை. பொதுத்துறை நிறுவனம் தன் பயன்பாட்டுக்கே எடுத்தால் இந்த விழுக்காட்டுக் கணக்கு பொருந்தாது. மேலும், தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் 2019-இல் மீண்டும் உயிர் பெற்றது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த வழியில் எடுத்தால், மத்தியச் சட்டத்தின் சம்மத விதியை எதிர்பார்க்க முடியாது. அறிவிப்பு கைக்கு வந்தவுடன் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

சுற்றுச்சூழல் அனுமதியில் மக்களின் கருத்தைக் கேட்பார்களா?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், அபாயகரமான இரசாயனங்களைத் தனித்த நிலையில் சேமிப்பதற்கு ஒரு தனி இனம் உண்டு. முழு மதிப்பீடு தேவைப்படும் வகையில் திட்டம் வகைப்படுத்தப்பட்டால், 30 நாள் முன்னறிவிப்புடன், மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை ஏற்க, மாசு கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்த வேண்டும். சிறுவகையாக வைக்கப்பட்டால் கூட்டம் இல்லை. எனவே கூட்டத்துக்கு எத்தனை பேரைத் திரட்டுவது என்பதைவிட, திட்டம் எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கேட்டறிவதே பயன் தரும்.

கிராம சபைத் தீர்மானம் செல்லுமா?

பதிவாகும், ஆனால் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்கு வேறு மாநிலங்களில் உள்ள சிறப்பு அதிகாரம் இங்கில்லை. சத்தியமங்கலம், அந்தியூர் மலைகள் போன்ற வனப்பகுதிகளில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனியாகக் கவனிக்கத்தக்கது.

வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாதா?

பொருந்தாது. 2020-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடை செய்வது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும்தான். கொங்கு மாவட்டம் எதுவும் அதில் இல்லை.

பிற நாடுகளில் இசைவு எப்படித் தரப்படுகிறது?

பிரிட்டனின் 1965-ஆம் ஆண்டு எரிவாயுச் சட்டம் நமக்குக் கற்பிக்கத்தக்கது. இயற்கையான நுண்துளைப் பாறையில் வாயுவைச் சேமிக்க வேண்டுமானால் அமைச்சரிடம் சேமிப்பு இசைவாணை பெற வேண்டும். அந்த ஆணை, எந்தப் பரப்புக்கு அடியில் வாயு இருக்கும் என்பதையும், அதைச் சுற்றிப் பாதுகாப்புப் பரப்பு எது என்பதையும் வரைபடத்தில் குறிக்கும். அப்பரப்புகளில் குறிப்பிட்ட ஓர் ஆழத்துக்குக் கீழே எவரும் அமைச்சரின் இசைவின்றித் துளையிடவோ சுரங்கம் தோண்டவோ கூடாது என்று தடுக்கும். அதே சட்டம், சேமித்த வாயுவால் சேதம் நேர்ந்தால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய தேவையின்றியே நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. நில உரிமையாளரின் கையைக் கட்டும் சட்டம் நிறுவனத்தின் கையையும் கட்டுகிறது. இங்கிலாந்தில் இன்று பெரிய கிடங்குகளுக்கு 2008-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்படி மேம்பாட்டு இசைவு வேண்டும். விண்ணப்பத்தை ஆய்வு செய்ய ஆறு மாதம், பரிந்துரைக்க மூன்று மாதம், அமைச்சர் முடிவெடுக்க மூன்று மாதம் என்று அதில் காலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில், மாநில எல்லை கடந்து விற்கப்படும் வாயுவுக்கான கிடங்கானால், 1938-ஆம் ஆண்டு இயற்கை எரிவாயுச் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் பொது வசதிக்கும் தேவைக்குமான சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் கிடைத்துவிட்டால், நில உரிமையாளரோடு உடன்பாடு எட்டாதபோது நீதிமன்றம் வழியாக உரிமையை எடுக்கும் அதிகாரமும் கூடவே வருகிறது. அங்கும் தனிமனிதரின் சம்மதம் இறுதிச் சொல் அன்று.

கிடங்கு அமைந்தால் என் தோட்டத்தில் போர் போடலாமா?

நம் சட்டத்தில் இதற்கு விடை இல்லை. நம்மூரில் மிகக் கூர்மையான கேள்வியும் இதுதான். பிரிட்டன் வகுத்த ஆழ வரம்பு, நூறடியில் கிணறு நிறையும் நாட்டில் யாருக்கும் வலிக்காது. ஆண்டுதோறும் இன்னும் இருநூறடி, இன்னும் முந்நூறடி என்று ஆழ்துளையை இறக்கிக் கொண்டே போகும் தோட்டக்காரருக்கு, இன்ன ஆழத்துக்குக் கீழே போகாதே என்பது பாசனத்தையே நிறுத்துவதற்கு நிகர். ஆகவே இங்கே எவரேனும் கிடங்குக்கு இசைவு கோரினால், இழப்பீட்டைப் பேசுமுன் ஆழத்தைப் பேச வேண்டும்: எந்தப் புல எண்களில், எத்தனை மீட்டருக்குக் கீழே தடை, அத்தடையால் இழக்கும் நீருக்கு ஈடு என்ன, ஈட்டைத் தருவது யார்.

கைவிடப்பட்ட ஆழ்துளைகளும் இதில் சேரும். குழந்தைகள் விழும் ஆபத்துக்காக அவற்றை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010-இல் நெறிமுறைகள் வகுத்தது. மேலே கல்லை வைத்து மூடிய துளை குழந்தைக்குப் பாதுகாப்பாகலாம். வாயுவுக்கு அது திறந்த வாசலே.

வெளிநாட்டுக் கிடங்குகளில் விபத்து நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இரண்டு நிகழ்வுகள் நம் நிலைமைக்கு நேராகப் பொருந்துபவை.

2001 ஜனவரியில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஹச்சின்சன் நகரில் திடீரெனத் தீப்பிழம்புகள் எழுந்தன, இருவர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்புக் குகைக் கிடங்கின் கிணற்றுக் குழாயிலிருந்து கசிந்த வாயு, பாறை அடுக்கு வழியே நகர்ந்து வந்து, எவர் கணக்கிலும் இல்லாமல் மறக்கப்பட்ட பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாக ஊருக்குள் மேலேறியிருந்தது.

2015 அக்டோபரில் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் கிடங்கில் ஒரு கிணறு உடைந்தது. 1950-களில் எண்ணெய்க்காகத் தோண்டி, பின்னர் வாயுவுக்கு மாற்றப்பட்ட கிணறு அது. வெளிப்புற உறைக்குழாய் நிலத்தடி நீரால் அரிக்கப்பட்டிருந்ததைப் பின்னர் கண்டறிந்தார்கள். 2016 பிப்ரவரியில் அடைக்கப்படும்வரை ஒரு இலட்சம் டன்னுக்குச் சற்றே குறைவான மீத்தேன் வெளியேறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர நேர்ந்தது. அதுவரை அமெரிக்காவில் கிடங்குகளின் நிலத்தடிப் பகுதிக்கு நாடு தழுவிய பாதுகாப்பு விதி இருக்கவில்லை. அவ்வாண்டு இயற்றிய சட்டத்துக்குப் பிறகே அது வந்தது. நூறாண்டு அனுபவம் உள்ள நாட்டிலேயே விதி விபத்துக்குப் பின்னால் வந்தது என்றால், இன்னும் முதல் கிடங்கையே தொடங்காத நாம் விதியை முன்னால் எழுதுவதற்கு நேரம் இருக்கிறது.

இப்போதைக்கு எங்களுக்கு வரக்கூடியது குழாய் அறிவிப்புதான். வந்தால் என்ன செய்ய வேண்டும்?

1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். அறிவிப்பின் பிரதி பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் என்று அறிவிப்புகளிலேயே குறிப்பிடும் வழக்கம் உண்டு; ஆயினும் முந்தைய தேதியையே கணக்கில் கொள்வது பாதுகாப்பு. ஆட்சேபணையை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. அறிவிப்பில் பெயர் குறிப்பிட்டுள்ள தகுதிவாய்ந்த அதிகாரிக்கு எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். நேரில் விசாரிக்கும்படியும் கேட்கலாம்; அவர் விசாரித்தே ஆக வேண்டும்.

எதை எழுதுவது? சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்ற பொதுக் கோரிக்கை, மேலே கண்ட வழக்கில் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதனினும் பயன்படுவது ஏழாம் பிரிவு: அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாகப் பயன்பட்ட நிலத்திலும், நிரந்தரக் கட்டடம் நிற்கும் நிலத்திலும், வீட்டைச் சார்ந்த நிலத்திலும் குழாய் பதிக்கக் கூடாது, ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் பதிக்கக் கூடாது. தோட்டத்துச் சாளைகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு, களமும் கட்டுத்தறியும் வீட்டைச் சார்ந்தவையே என்ற வாதத்துக்கு இங்கே இடமுண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது ஆகியவற்றோடு, கிணறும் ஆழ்துளையும் சொட்டுநீர்க் குழாயும் எங்கெங்கே உள்ளன என்று வரைந்த படத்தையும் இணைப்பது நல்லது. அடங்கலில் தென்னை ஏறியிருக்கிறதா என்பதை இன்றே பார்த்துக் கொள்ளுங்கள். இழப்பீட்டுக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

பயன்பாட்டு உரிமை எடுத்த பிறகு அந்த நிலத்தில் என்ன செய்யலாம், எவ்வளவு இழப்பீடு கிடைக்கும்?

மஞ்சளோ நிலக்கடலையோ சோளமோ விதைக்கத் தடையில்லை. கட்டடம் கட்டவும், கிணறோ குட்டையோ அணையோ வெட்டவும், மரம் நடவும் ஒன்பதாம் பிரிவு தடை செய்கிறது. கெயில் குழாய்க்கு எடுக்கப்பட்ட அகலம் 20 மீட்டர். ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பின் குறுக்கே அந்த அகலம் செல்லும்போது, அங்கிருந்த மரங்களின் இடத்தில் இனி மரம் இல்லை. அத்தடத்தில் போர் போடவும் முடியாது. இதற்கு அறிவிப்பு நாளன்று உள்ள சந்தை மதிப்பில் 10 விழுக்காடும், பயிர், மரம் முதலியவற்றின் சேதத்துக்கு ஈடும் தருமாறு பத்தாம் பிரிவு சொல்கிறது. தொகையில் உடன்பாடு இல்லையெனில் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். உடைமை உங்களிடமே இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி இவ்வளவு குறைந்த விழுக்காடு நிர்ணயிக்கப்பட்டது. மரப்பயிரை நம்பிய தோப்புக்கு அக்காரணம் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை.

குழாய்க்குள்ளேயே வாயு சேமிக்கப்படுகிறதாமே?

ஓரளவு உண்மை. குழாயில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்து, தேவை ஏறும் சில மணி நேரங்களைச் சமாளிப்பது எல்லா இடங்களிலும் உள்ள இயக்க முறை. கோவை வார்ப்பாலைகளும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் வாயுவுக்கு மாறினாலும், அன்றாட ஏற்றத்தாழ்வைக் குழாயும் துறைமுகத் தொட்டிகளுமே பெரும்பாலும் தாங்கும். இதற்கெனத் தனி இசைவு கேட்பதில்லை. குழாய் எந்த அழுத்தம் வரை இயங்க அனுமதிக்கப்பட்டது என்பதே வரம்பு.

ஒரு கிடங்கை மூடிவிட்டால் நிலத்தடி பழைய நிலைக்கு வந்துவிடுமா?

கிணறுகளைச் சிமெண்டால் அடைத்து, மேற்பரப்பு நிலையத்தைக் கழற்றிக் கொண்டு போய்விடலாம். நிலையாகக் கிடந்த வாயுவில் ஒரு பகுதியை எடுக்க முடியும். எஞ்சியது பாறையிலேயே தங்கிவிடும். பிரிட்டனின் மிகப் பெரிய கிடங்கான ரஃப், கடலுக்கு அடியில் உள்ள பழைய வயல், கிணறுகள் பழுதடைந்து போனதால் 2017-இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் நிலையாகக் கிடந்த வாயுவையும் எடுத்து விற்கத் தொடங்கினார்கள். 2022-இல் ஐரோப்பாவில் வாயுத் தட்டுப்பாடு வந்தபோது அதே கிடங்கின் ஒரு பகுதியை மீண்டும் திறந்தார்கள். மூடுவதும் திறப்பதும் சந்தை விலையைப் பொறுத்து மாறுவதால், மூடிய பின் கிணறுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு எத்தனை ஆண்டுகளுக்கு யாரைச் சேரும், அதற்கான வைப்புத்தொகை எவ்வளவு என்பவை இசைவாணையிலேயே எழுதப்பட வேண்டும். அந்த நிறுவனம் கைமாறினாலும் கலைந்துபோனாலும் நிலத்தின் உரிமையாளர் எழுத்தில் காட்டிக் கேட்கக் கூடியது அந்த ஆணை ஒன்றுதான்.